மேஜர் வெதரலின் இரண்டு பதக்கங்கள்

இங்கிலாந்தில் எங்கள் செல்டனம் ஊரில் விருந்துக்குப் போனால் பெண்கள் ஆண்களின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது மார்பை. கோட்டில் வரிசையாகத் தொங்குகிற பதக்கங்களை ஒரே பார்வையில் படித்துவிட்டு, இவர் எங்கே சண்டை போட்டார், எத்தனை வருஷம், எந்த ஜெனரலுக்கு வேண்டியவர் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். அவர் மனைவியை எந்த நாற்காலியில் உட்காரவைப்பது என்பதும் அதிலேயே முடிவாகிவிடும். என் கணவர் லயனல் வெதரலுக்கு இரண்டே பதக்கங்கள். இருபது வருஷம் நான் கதவோரத்து நாற்காலியில் குளிர்காற்று வாங்கியவள்.

பக்கத்து வீட்டு கர்னல் ஃபென்விக்குக்கு ஏழு. அவர் நடந்தால் ஏழும் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும். அவர் மனைவி அந்தச் சத்தத்துக்கு அரை அடி பின்னால் மிதந்து வருவாள். எனக்கு அதைக் கேட்டாலே சூப் தொண்டையில் இறங்காது. நான் பொறாமைக்காரி என்று என் அக்கா சொல்லுவாள். சொல்லட்டும். அவள் புருஷனுக்கு ஐந்து.

லயனலின் வாழ்க்கையை எழுதச் சொன்னால் ஒரு தபால் அட்டை போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஹெர்ஃபோர்டில் ஒரு பாதிரியாரின் மூன்றாவது பிள்ளை. பத்தொன்பது வயதில் பட்டாளம். இந்தியாவில் ஏழு வருஷம், தென்னாப்பிரிக்காவில் இரண்டு வருஷம். திரும்பி வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டார். நெஞ்சுச் சளியோடு மேஜராக ஓய்வு பெற்றார். ஜெர்மன் யுத்தத்தின்போது சண்டைக்குப் போகிற வயது தாண்டிவிட்டதால், ஆள் சேர்க்கும் ஆபீசில் உட்கார்ந்து ஊர்ப் பையன்களின் மார்பை நாடாவால் அளந்தார். மற்ற நேரமெல்லாம் தோட்டத்தில் பீன்ஸ் வளர்த்தார்.

பேச மாட்டார். ஆப்கான் எல்லையில் என்ன நடந்தது, ஆப்பிரிக்காவில் என்ன பார்த்தீர்கள் என்று கல்யாணமான புதிதில் நச்சரித்துப் பார்த்தேன்.

"அதெல்லாம் பழைய கதை, கஸ்ஸி. அந்த உப்பை இப்பிடித் தள்ளு" என்பார். அகஸ்டா என்கிற நான் அவருக்குக் கஸ்ஸி.

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட உப்பைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பீப்பாய் நிறைந்திருக்கும். வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் தொப்பியை மாட்டிக்கொண்டு கீழ் ஊருக்குப் போவார். புகையிலை வாங்கவாம். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்புவார், கொஞ்சம் தெளிந்த முகத்தோடு. ஒரு மனுஷன் புகையிலையை இத்தனை நேரமாகவா தேர்ந்தெடுப்பான் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் மார்ச்சில் நிமோனியாவில் போய்விட்டார். அப்போதும் அதிகம் பேசவில்லை.

எங்கள் வழக்கத்தில், சொந்தமாகச் சம்பாதித்த பதக்கம் இடது மார்பில். இறந்தவருடையது என்றால் அவர் வீட்டுப் பெண் வலது மார்பில் குத்திக்கொள்ளலாம். ஜெர்மன் யுத்தம் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி, போர் நினைவுத் தூணுக்கு முன்னால் ஊரே கூடும். இரண்டாக இருந்தால் என்ன, என் புருஷனுடையது, பளபளவென்று போட்டுக்கொண்டு போய் நிற்பேன் என்று தீர்மானித்தேன். ஊசியை மாற்றித் தைக்க நகைக்கடை ஸ்லேட்டிடம் கொண்டுபோனேன்.

ஸ்லேட் கண்ணில் உருப்பெருக்கியை வைத்துப் பதக்கத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு இன்னொன்றையும் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அசல் எங்க இருக்கு?"

"எது அசல்? இதுதான்."

"இல்லீங்க மேடம். சர்க்கார் குடுக்கற மெடல்ல விளிம்புல ஆளோட பேரும் பட்டாளமும் வெட்டியிருக்கும். இது வெறுமையா இருக்கு பாருங்க. இது லண்டன்ல தையக்காரங்க விக்கற நகல். அசலைப் பத்திரமா வெச்சிட்டு இதைப் போட்டுக்கறவங்க உண்டு. அதுல தப்பொண்ணும் இல்ல."

தப்பில்லையாம். பத்தொன்பது வருஷம் ஒவ்வொரு மாதமும் எலுமிச்சையும் சுண்ணாம்புப் பொடியும் போட்டு நான் தேய்த்தது கடைச் சரக்கு. வீட்டுக்கு வந்து அவருடைய பெட்டி, மேஜை, பூட்ஸ், பீன்ஸ் விதை வைக்கிற டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்தேன். அசல் இல்லை.

அந்த நவம்பர் பதினொன்றாம் தேதி நகலையே வலது பக்கம் குத்திக்கொண்டு போனேன். பதினோரு மணி அடித்தது. தொப்பிகள் கழன்றன. இரண்டு நிமிஷம் யாரும் அசையக் கூடாது, மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். அந்த நேரத்தில்தான் எனக்கு நேர் எதிரே, தூணுக்கு அந்தப் பக்கம் நின்ற கிழவியைப் பார்த்தேன். சாயம் போன கறுப்புக் கோட்டு. சிவந்து தடித்த கைகள். வலது மார்பில் இரண்டு பதக்கம்.

முதல் ரிப்பன் கருஞ்சிவப்பில் இரண்டு பச்சைக் கோடு, அது இந்தியா. அடுத்தது சிவப்பும் நீலமும் நடுவில் ஆரஞ்சும், அது ஆப்பிரிக்கா. ரிப்பன் மேல் சண்டை நடந்த இடங்களின் பெயர் பொறித்த வெள்ளிப் பட்டைகள், இரண்டும் நான்கும். நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களை நினைக்க வேண்டிய இரண்டு நிமிஷத்தில் நான் அந்தப் பட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

சங்கு ஊதியதும் நேராக அவளிடம் போனேன். கிட்டத்தில் பட்டைகளைப் படித்தேன். இந்தியாவுக்கு மேலே 'திரா' என்று இருந்தது. எங்கள் ஊர் ரெஜிமெண்ட் ஆப்கான் எல்லையில் இருக்கிற அந்தத் திரா மலைக்குப் போகவே இல்லை. லயனலை மட்டும் ஒரு வருஷம் வேறொரு பட்டாளத்துக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். திராவும் அந்த நான்கு ஆப்பிரிக்கச் சண்டைகளும் ஒரே ஊசியில் தொங்க இந்த ஊரில் ஒரே ஒரு மார்புதான் உண்டு. அதை நான் மண்ணில் வைத்து எட்டு மாதம் ஆகிறது.

"யாரோடது?" என்று கேட்டேன்.

"எம் மவன்துங்கம்மா. நெட். நெட் பெக்லர். ஆப்பிரிக்காவுல போயிட்டான்." என் வலது பக்கத்தைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரோடதா? அட, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதே!"

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சற்றுத் தள்ளி ஆப்பிரிக்க யுத்தத்தில் இறந்தவர்களுக்கு வைத்த வெண்கலச் சிப்பாய் நிற்கிறான். போய்ப் பீடத்தில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன். பெக்லர் இல்லை. மகனும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று முடிவு கட்டினேன். வியாழக்கிழமைகளும் இரண்டு மணி நேரமும் தெளிந்த முகமும் வரிசையாக வந்து நின்றன. இன்று அறுபத்தைந்து வயது என்றால் எங்கள் கல்யாணத்தின்போது நாற்பத்தைந்து. கையைப் பார்த்தால் வெளுப்புக்காரி என்று தெரிந்தது, ஆனாலும் அந்த வயதில் லட்சணமாகத்தான் இருந்திருப்பாள். எனக்கு அப்போது இருபத்திநாலு. என்னைவிட இருபத்தொரு வயது மூத்தவளிடம் தோற்றுப்போனேனா?

மறுநாள் காலை, ஆப்பிரிக்காவில் லயனலோடு இருந்த ஃபென்விக்கின் வீட்டுக்குப் போனேன். கர்னல் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

"பெக்லர்னு ஒருத்தி. லயனலுக்கு அவ யாரு?"

கர்னல் கரண்டியை வைத்துவிட்டார். "இந்தா பாரும்மா அகஸ்டா, அதை விட்டுடு."

"விட மாட்டேன். நீங்க சொல்லலேன்னா தெருவுல நின்னு கேப்பேன்."

செய்வேன் என்று அவருக்குத் தெரியும். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நெட் பெக்லர் லயனலோட கம்பெனியில சிப்பாய். காவல் போட்ட எடத்தை விட்டுட்டு நடந்து போயிட்டான். மூணு மைல் தள்ளிப் புடிச்சாங்க. ராணுவ கோர்ட்டுல நான்தான் தலைமை. பையன் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லாத்தான் இருந்தானான்னு கேட்டேன். நல்லாத்தான் இருந்தான்னு லயனல் சாட்சி சொன்னான். ஓடிப்போனவன்னு தீர்ப்பாச்சு. ஜெயில், மெடல் பறிமுதல். பத்தாம் நாள் டைபாய்டுல செத்துட்டான். ஓடிப்போன அன்னிக்கே காய்ச்சல் இருந்திருக்கு, புத்தி தடுமாறி நடந்திருக்கான். டாக்டரோட சீட்டு அப்புறம்தான் வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தீர்ப்பு தீர்ப்புதான், யாரும் மாத்தல. பீடத்துல பேரும் வெட்டல. காய்ச்சல்ல செத்தான்னு மட்டும் லயனல் ஆத்தாக்காரிக்கு லெட்டர் போட்டான். தொள்ளாயிரத்து மூணாம் வருஷம் ஊர்ல மேடை போட்டு மெடல் குடுத்தோமே, நீ அப்ப உங்கக்கா வீட்டுல இருந்தே, அன்னிக்கி அவ வந்திருந்தா. பேரு கூப்புடுவாங்க கூப்புடுவாங்கன்னு கடைசிவரைக்கும் நின்னா. கூட்டம் கலைஞ்சதும் நேரா லயனல்கிட்ட வந்து, 'எம் பையன் பேரை மறந்துட்டீங்களே கேப்டன் ஐயா'ன்னா. உன் புருஷன் தன் நெஞ்சுல இருந்ததை அப்பிடியே ஊசியோட கழட்டி அவ கையில வெச்சுட்டான். ரெண்டும் ஒரே ஊசியில இருந்துச்சு, பிரிச்செடுக்க அவனுக்கு நெதானம் இல்ல. அவளுக்குப் படிக்கத் தெரியாது."

என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். இளகவில்லை. கள்ளக் காதல் என்றால் எனக்குப் புரிந்திருக்கும், அழுது தீர்த்திருப்பேன். இது அதைவிட மோசமாக இருந்தது. ஒரு மனுஷன் நெஞ்சில் இத்தனை பெரிய பாரத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருந்த எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், வாராவாரம் போய் அவள் வீட்டில் இறக்கி வைத்திருக்கிறான். எனக்குக் கொடுத்தது நகல், அவளுக்குக் கொடுத்தது அசல். சட்டப்படி அந்தப் பதக்கங்கள் என்னுடையவை. விளிம்பில் அவர் பெயர் இருக்கிறது. வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று கிளம்பினேன்.

"அவகிட்ட உண்மையைச் சொல்லிடாதேம்மா" என்றார் கர்னல் வாசலில்.

"அது என் இஷ்டம்" என்றேன்.

வியாழக்கிழமைவரை காத்திருந்து அவர் போகிற நேரத்துக்கே போனேன். கீழ் ஊரில் ஒற்றை அறை. கயிற்றில் யார் யாருடைய சட்டைகளோ தொங்கின. கஞ்சி வாடை. என் பெயரைச் சொன்னதும் கிழவி இஸ்திரிப் பெட்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"மேஜர் ஐயா வீட்டம்மாவா! உக்காருங்கம்மா, இதுதான் ஐயா உக்கார்ற நாற்காலி. எட்டு மாசமா யாரும் உக்காரல." கேட்காமலே தேநீர் ஊற்றி, ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவி உப்புத் தூவி என் முன்னால் வைத்தாள். "ஐயாவுக்கு இதுன்னா உசுரு. நாலு துண்டு தின்பாரு."

வீட்டில் கொழுப்பு வாசனை வந்தாலே வயிற்றுக்கு ஆகாது என்று தட்டைத் தள்ளுகிறவர் அவர். வெந்த மீனாகச் செய்து செய்து நான் ஓய்ந்துபோனேன்.

"என்னைப் பத்திப் பேசுவாரா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"உங்களைப் பத்தியா?" கிழவி யோசித்தாள். "இல்லீங்கம்மா. ஒரு வார்த்தை பேசினதில்ல. எல்லாம் எங்க நெட்டைப் பத்தித்தான்."

"நெட்டைப் பத்தி என்ன?"

அவ்வளவுதான், மடை திறந்தது. நெட் திரா மலையில் கோவேறு கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்த கதை. குண்டு பறக்கும்போது பயத்தை மறைக்க மாதா கோயில் பாட்டைச் சீட்டியடிக்க, எதிரி மலையிலிருந்து ஒரு அஃப்ரீதி மலைவாசி பதிலுக்குச் சீட்டியடித்த கதை. மேலதிகாரியின் கூடாரத்தில் ஆட்டைக் கட்டிவிட்டு, ஆட்டுக்கு சல்யூட் அடித்த கதை. தாகத்தில் ரயில் என்ஜின் தண்ணீரைக் குடித்த கதை.

"எம் மவன் இந்தியாவுக்குப் போனதே எனக்குத் தெரியாதும்மா. மெடலைப் பாத்துட்டுத்தான் ஊர்க்காரங்க சொன்னாங்க. எங்கிட்டக்கூடச் சொல்லிக்கல பாருங்க, அம்புட்டு அடக்கம்" என்று பெருமையோடு சொன்னாள்.

நெட் பெக்லர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கழுதை வாலைப் பிடித்தவர் லயனல். சீட்டியடித்தவர் லயனல். நான் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காத ஒவ்வொரு கதையையும் அந்தப் பையனின் பேரில் எழுதி இவளிடம் கொடுத்திருக்கிறார். தன் சாட்சியால் ஒரு வாழ்க்கையை எடுத்தவர், தன் வாழ்க்கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டார். எனக்கு மிச்சம் வைத்தது தபால் அட்டை அளவு. அந்தக் கஞ்சி வாடை அறையில் எனக்கு ஒரு செத்துப்போன சிப்பாய் மேல் பொறாமை.

கிழவி அலமாரியிலிருந்து ஒரு தேநீர் டப்பாவை எடுத்து, துணியைப் பிரித்துப் பதக்கங்களை என் கையில் வைத்தாள். "ஐயா வர்றப்பல்லாம் விளிம்புல இருக்கற பேரைப் படிச்சுக் காட்டுவாரு. எட்டு மாசம் ஆச்சு, கேட்டு. நீங்க ஒருவாட்டி படிங்கம்மா."

இதற்குத்தானே வந்தேன்? ஜன்னல் பக்கம் திருப்பினேன். கேப்டன் எல். வெதரல் என்று தெளிவாக வெட்டியிருந்தது. ஒரு சொல் போதும். சொல்லிவிட்டால் பதக்கமும் கழுதையும் ஆடும் எல்லாம் என் வீட்டுக்கு வந்துவிடும். கிழவி கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் கோத்துக் காத்திருந்தாள்.

"சிப்பாய் நெட் பெக்லர்" என்று படித்தேன். அவர் இருபது வருஷம் படித்ததை நான் எப்படி மாற்றிப் படிப்பது? அந்தப் பொய்யிலாவது அவரோடு நின்றுகொள்ளலாம் என்றிருந்தது. டப்பாவில் வைத்து மூடிக் கொடுத்தேன்.

ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டேன். இவளிடம் சொன்னவர் வேறென்னவெல்லாம் சொன்னாரோ, எனக்கு முன்னால் யாரோ ஒருத்தி இருந்திருப்பாளோ என்று உள்ளே குடைந்தது. கதவருகில் நின்று கேட்டேவிட்டேன்.

"உங்க மகனுக்கு… புடிச்ச பொண்ணு யாராவது உண்டா?"

கிழவியின் முகம் சட்டென்று இறுகியது.

"இருந்தா ஒருத்தி. மேல் ஊருக்காரி. ஆப்பிரிக்காவுக்குப் போறதுக்கு முன்னால மான்ட்பெலியர் தோட்டத்துல பேண்டு வாசிச்சாங்களாம். திடீர்னு மழை. ஜனமெல்லாம் ஓடுது. இவ மட்டும் நனைஞ்சுக்கிட்டே மேடைக்குப் போயி, 'பாட்டைப் பாதியில நிறுத்தினா என்ன மரியாதை? முடிச்சிட்டுப் போங்க'ன்னு பேண்டு மாஸ்டரைப் புடிச்சுத் திட்டினாளாம். அந்த ஆளும் பயந்துபோய் வாசிச்சு முடிச்சானாம்."

கதவுப் பிடியில் இருந்த என் கை அப்படியே நின்றது. அன்று எனக்கு இருபத்திரண்டு வயது. என் தொப்பியின் சாயம் வழிந்து கழுத்தெல்லாம் நீலம். அங்கே லயனல் இருந்தாரா? ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு யார் வீட்டுத் தேநீர் விருந்திலோ என்னை முதலில் பார்த்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். கல்யாணம் கேட்டபோதுகூட, "உனக்கு ஆட்சேபணை இல்லேன்னா" என்பதோடு நிறுத்திக்கொண்டவர்.

"அந்த வாய்க்குத்தான் விழுந்தானாம் எம் புள்ள" கிழவி நிறுத்தவில்லை. "காவல்ல தூக்கம் வந்தா, அவ பக்கத்துல நின்னு திட்டற மாதிரி நெனச்சுக்குவானாம், தூக்கம் பறந்துடுமாம். கிட்டப்போனா பேச்சு வராதாம், எதைச் சொன்னாலும் அவளுக்குச் சப்புன்னு இருக்குமோன்னு பயமாம். ரெண்டு மெடலை வெச்சுக்கிட்டு அவளை எப்பிடிக் கதவோரத்துல உக்கார வைக்கறதுன்னு வெக்கமாம். மேஜர் ஐயா இதைச் சொல்றப்ப மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. அவ பேரைக் கடைசிவரைக்கும் சொல்லல."

"நல்ல பொண்ணாத்தான் தெரியுது" என்றேன்.

"என்ன நல்ல பொண்ணு? எனக்கு மிச்சம் வெக்காம அம்புட்டு மனசையும் அவளுக்கே குடுத்துட்டுப் போயிருக்கான். இருவது வருஷத்துல ஒருநாள் இந்த வாசப்படி மிதிச்சாளா? எவனையோ கட்டிக்கிட்டு நல்லா இருப்பா. அவளை நெனச்சாலே எனக்கு வயிறு பத்தி எரியுதும்மா."

நான் கையுறையைக் கழற்றினேன். திரும்பி வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ரொட்டித் துண்டை எடுத்துக் கடித்தேன்.

"அவளைப் பத்தி இன்னும் சொல்லுங்க" என்றேன். "ஒண்ணு விடாம சொல்லுங்க."